ஒரே பச்சையில் இரண்டு போத்தல்கள்

குழந்தை பிழைத்துக்கொண்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் வாயால் சொன்ன இடங்களிலெல்லாம் பாதியில் யாராவது ஒருவர், பெரும்பாலும் பிள்ளை பெற்ற பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு, "குழந்தைக்கு என்ன ஆச்சு, அத மொதல்ல சொல்லுங்க" என்பார். அந்தக் கவலையோடு மிச்சத்தைக் கேட்க முடியாது.

நாடு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், அடைந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்கு இருபத்திரண்டு வயது. மலாக்கா காஜா பெராங்கில், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஓர் அச்சகத்தில் வேலை. அப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்து டவுனுக்கு வந்தவர். ரோடு போடும் வேலை. நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். தமிழ் எழுத்து மட்டும் எனக்குப் படம் மாதிரி வரும். அச்சக முதலாளி தமிழ் முஸ்லிம். ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் தலைமுறையாகக் கடை வைத்திருந்த குடும்பம். என் எழுத்தைப் பார்த்துவிட்டு, "ஆம்பள எழுதுனதா பொம்பள எழுதுனதான்னு லேபல்ல யாருக்கும் தெரியாதும்மா. நாளைக்கே வந்துடு" என்றார்.

இப்போது டிசைன் டீம் என்கிறார்கள். அன்று எங்களுக்குப் பெயர் 'படம் போடுற ரூம்'. மூன்று பேர். படம் வரைபவர் ஒரு சீனர், நாற்பது வயதிருக்கும். அவரை எல்லாரும் மாஸ்டர் என்போம். மை கலக்குபவர் எங்கள் தெருவுக்கு அடுத்த செட்டி கிராமத்துக்காரர், பல நூறு ஆண்டுக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர் வழி. நெற்றியில் திருநீறு இருக்கும், சாமி பெயர்களெல்லாம் தமிழில் வரும், ஆனால் பேச்சு முழுக்க அவர்களுடைய மலாய். அவரை நான் அபாங், மலாயில் அண்ணன், என்று கூப்பிடுவேன். மூன்றாவது நான், எழுத்துக்கு. எங்களுக்குள் மலாயில்தான் பேச்சு. அதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

டெலிவிஷன் ஊருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வீட்டில் வைத்திருந்தவர்கள் சிலர்தான். நாங்கள் பாலாய் ராயாவுக்குப் போவோம். ஊர்ப் பொது மண்டபம் அது. ஒரு மரப்பெட்டிக்குள் டெலிவிஷனைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாயங்காலம் பெட்டியைத் திறப்பார்கள், பாய் விரித்து உட்காருவோம். வியாழக்கிழமைகளில் ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாடகம் வரும். ஓர் இன்ஸ்பெக்டர், அவருக்குக் கீழே இரண்டு பேர். மாஸ்டருக்கும் அபாங்குக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மெதுவாக மலாயில் சொல்லிக்கொண்டே வருவேன். என் அம்மாவும் பின்னால் பெண்களோடு இருப்பார். அந்த நாடகத்துக்காகவே வியாழக்கிழமை வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுவோம்.

இனி நடந்ததற்கு வருகிறேன்.

டவுனில் ஒரு மருந்து வியாபாரி எங்களிடம் இரண்டு லேபல் போடக் கொடுத்திருந்தார். ஒன்று குழந்தைகளுக்கு வயிறு உப்பினால் கொடுக்கும் ஓமத் தண்ணீர். மற்றொன்று பெரியவர்கள் முட்டியில் தேய்த்துக்கொள்ளும் கற்பூரத் தைலம். "ரெண்டும் ஒரே கடை சரக்குன்னு பார்த்ததும் தெரியணும்" என்றார். போத்தலும் ஒரே அளவு. மாஸ்டர் ஒரு மயிலை வரைந்தார். தோகை லேபலின் பாதியைப் பிடித்துக்கொண்டது. நிஜமாகவே அழகான மயில். அபாங் இரண்டு பச்சை கலக்கினார். ஓமத் தண்ணீருக்குக் கொஞ்சம் மஞ்சள் தட்டிய பச்சை, தைலத்துக்குக் கொஞ்சம் நீலம் தட்டிய பச்சை. நான் எழுத்துகளை வரைந்தேன். தைலத்தில் 'மேலே தேய்க்க மட்டும்' என்ற வரிக்கு இடம் போதவில்லை. "தோகைய வெட்டாதே, எழுத்த சின்னதா போடு" என்றார் மாஸ்டர். நான் மறுத்துப் பேசவில்லை. எறும்பு ஊர்கிற மாதிரி அடியில் அந்த வரியை எழுதினேன். அச்சாகி வந்ததும் இரண்டு போத்தலையும் ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அக்கா தங்கை மாதிரி இருக்கிறது என்று மூன்று பேரும் மெச்சிக்கொண்டோம்.

சில வாரம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை மதியம், பஸ் கண்டக்டர் சீருடையில் ஒருவர் நேரே எங்கள் அறைக்குள் வந்தார். முகம் தெரிந்த ஆள்தான், உஜோங் பாசிர் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர். கையில் இரண்டு போத்தல். மேசையில் வைத்து, லேபலைச் சுவர்ப்பக்கம் திருப்பக்கூட இல்லை, நேராகவே வைத்தார். பிறகு என்னைக் கதவு வரைக்கும் பின்னால் போகச் சொன்னார்.

"அங்கேருந்து சொல்லு. எது புள்ளைக்கு, எது முட்டிக்கு?"

நான் பார்த்தேன். இரண்டு மயில். என் கையால் வரைந்த எழுத்து, எனக்கே தெரியவில்லை.

"சொல்லுலா. நீங்கதானே போட்டீங்க?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். விடிகிற நேரத்தில் பத்து மாதக் குழந்தை வயிற்று வலியில் அழுதிருக்கிறது. அவர் மனைவி அலமாரியிலிருந்து போத்தலை எடுத்து ஒரு கரண்டி ஊட்டிவிட்டாள். அது தைலம். கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு வலிப்பு. "இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கு. கண்ணத் தொறக்கல. டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு." அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் குதறிக்கொண்டோம். எழுத்துச் சின்னதாக இருந்ததுதான் காரணம் என்றார் மாஸ்டர். சின்னதாகப் போடச் சொன்னது யார் என்று கத்தினேன். அதுவரை அந்த அறையில் நான் குரலை உயர்த்தியதில்லை. "பச்சையைக் கலக்கியவர் கலக்கிய லட்சணம்" என்று மாஸ்டர் அபாங்கின் பக்கம் திரும்பினார். அபாங் தகரத்தில் கரண்டியை வைத்து மையைக் கிண்டிக்கொண்டே இருந்தார். முதலாளி வந்து, "சண்டைய நிறுத்துங்க. புள்ள உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்கு, நீங்க யாரு குத்தவாளின்னு தேடுறீங்க" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. சோறு இறங்கவில்லை. நாடகம் பார்க்கும் மனநிலை இல்லை, ஆனால் கால் பாலாய் ராயாவுக்குத்தான் போனது. அங்கே மாஸ்டர் ஒரு மூலையில் இருந்தார். அபாங் இன்னொரு மூலையில். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்து வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். மூன்று பேருக்கும் வேறு போக்கிடம் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த வாரத்துக் கதை ஒரு கிடங்குத் திருட்டு. கிடங்கைக் கூட்டும் கிழவர் ஒருவர் எதையோ பார்த்திருக்கிறார், சொல்லாமல் இருக்கிறார். இன்ஸ்பெக்டரின் ஆட்கள் அவரை மிரட்டுகிறார்கள். இன்ஸ்பெக்டர் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு பெட்டியை இழுத்துக் கிழவர் பக்கத்தில் போட்டு உட்காருகிறார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. வேறொன்று கேட்டார். அதை நான் மலாயில் சொன்னேன்:

"நீங்க எந்த இடத்துல நின்னீங்க? அங்கேருந்து உங்களுக்கு என்ன தெரிஞ்சது?"

திரையில் கிழவர் வாயைத் திறப்பதற்குள், என் வலப் பக்கத்தில் அபாங் பேச ஆரம்பித்தார்.

"ஜன்னல் பக்கம் நின்னேன். மழை நாளு. வெளிச்சம் இல்ல. லேபல் காஞ்சதும் கட்டு கட்டினேன். ஓமத்தோடதையும் தைலத்தோடதையும் மாத்திக் கட்டிட்டேன். அப்புறம் பார்த்துப் பிரிச்சு சரி பண்ணிட்டேன்."

"எப்போ?" என்றார் மாஸ்டர்.

"முதல் நாளே. கண்ணு மங்கிப்போச்சுன்னு நெனச்சேன். மை கலக்குறவனுக்குக் கண்ணு மங்கிச்சுன்னு எப்படி வெளியே சொல்றது?"

மாஸ்டர் கத்துவார் என்று நான் பயந்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கிழவரின் தோளில் கை வைத்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்டர் அபாங்கின் பக்கம் திரும்பி, "உன் கண்ணு நல்லாதான் இருக்கு. நம்ம லேபல்தான் சரியில்ல" என்றார்.

அபாங் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அவரே திரையைக் காட்டி ஒரு விஷயம் சொன்னார். பல வருஷம் கழித்தும் எனக்கு அதை நினைத்தால் வியப்புதான்.

"இந்தப் பெட்டியில நெறமே கெடையாது. எல்லாம் கறுப்பு, வெள்ளை, சாம்பல். ஆனா யாரு இன்ஸ்பெக்டர், யாரு திருடன்னு நமக்கு ஒரு வாரம்கூடக் கொழம்பல. எப்படி?"

நாங்கள் பார்த்தோம். இன்ஸ்பெக்டர் குண்டு, தொப்பி போடமாட்டார். ஓர் உதவியாளர் பனைமரம் மாதிரி உயரம். இன்னொருவர் எந்நேரமும் கையில் குடை. தூரத்தில் நிழலாகத் தெரிந்தாலும் ஆள் தெரிந்துவிடும். அந்த நாடகத்தைச் செய்தவர்கள் நிறத்தை நம்பவில்லை. நாங்கள் இரண்டு பச்சையை நம்பினோம், விடிகிற நேரத்து அடுக்களையில் பச்சை என்ற ஒன்றே இல்லை.

பின்னாளில் நான் கோலாலம்பூரில் ஒரு பெரிய விளம்பர ஆபீசில் வேலை பார்த்தேன். எனக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர். ஏதாவது தப்பாகிவிட்டால் யார் செய்தது என்ற கேள்வியை அந்த அறையில் கேட்க விடமாட்டேன். அதைக் கேட்டால் எல்லாரும் அபாங் மாதிரி மையைக் கிண்ட ஆரம்பித்துவிடுவார்கள். எங்கே நின்றாய், என்ன தெரிந்தது, அவ்வளவுதான் கேட்பேன். செய்யும்போதே நம்மில் ஒருவர் தடுமாறினால், வாங்கப் போகிறவரும் அங்கேதான் தடுமாறுவார். அதனால் தன் தடுமாற்றத்தைச் சொன்னவருக்கு நன்றி சொல்வேன். இதை எந்தப் பட்டறையில் கற்றீர்கள் என்று கேட்பார்கள். டெலிவிஷனில் போலீஸ் நாடகம் பார்த்துக் கற்றேன் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்த நாடகம் பார்த்த மறுநாள் காலை ஏழரை மணிக்கே நாங்கள் மூவரும் அச்சக வாசலில் நின்றோம். யாரும் உள்ளே போகவில்லை. முதலாளி விடியும்போதே திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஒரு பேச்சா வளைவில் திரும்பியது. மிதித்து ஓட்டும் மூன்று சக்கர வண்டி, ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம் நமக்கு நேராகத் தெரியும். முதலாளி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். பேச்சா நிற்பதற்குள்ளேயே கத்தினார்:

"கண்ண முழிச்சிருச்சு! பால் குடிச்சிருச்சு! அல்லா காப்பாத்திட்டான்!"

நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அபாங் கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். மாஸ்டர் விறுவிறுவென்று பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார்; வெகுநேரம் கழுவினார். குழந்தை கரண்டியில் கொடுத்ததில் பாதியைத் துப்பியிருக்கிறது, அதனால்தான் பிழைத்தது என்று டாக்டர் சொன்னாராம். இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள்.

குழந்தை வீடு திரும்பியதும் அந்தத் தாயைப் பார்க்க வேண்டும் என்றார் மாஸ்டர். "அவ நின்ன எடத்துல நாமும் நிக்கணும்." மூன்று பேராகப் போனால் பயந்துவிடுவாள் என்று முதலில் நான் மட்டும் போனேன். என்னைவிடச் சின்னவள். கதவைப் பாதி திறந்து, குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அச்சாபீஸ்லேருந்தா? போலீஸ்ல சொல்லப் போறீங்களாக்கா?"

"எதுக்கு?"

"நாந்தானே ஊட்டுனேன். மாமியா சொல்றாங்க, பக்கத்து வீட்டுல சொல்றாங்க. பெத்தவளுக்குக் கண்ணு தெரியலயான்னு கேக்குறாங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா. மயில பார்த்துதான் எடுப்பேன்."

"உம்மேல தப்பில்லம்மா," என்றேன். "படிக்கத் தெரிஞ்ச எனக்கே தெரியல. நான் எழுதுன எழுத்து எனக்கே தெரியல. தப்பு எங்களோடது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கதவைப் பிடித்தபடியே அழ ஆரம்பித்தாள். அத்தனை நாளும் ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம், அவள் கணவர் பின்னால் சொன்னார். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கிற்று. பிடி நன்றாக வலுவாகவே இருந்தது.

பிறகு மாஸ்டரும் அபாங்கும் வந்தார்கள். அன்று போத்தலை எப்படி எடுத்தாள் என்று அவள் காட்டினாள். குழந்தை இடது இடுப்பில். அலமாரி தலைக்கு மேலே. எடுப்பது வலது கை. மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கிறாள். பார்க்கக் கண் எங்கே இருக்கிறது? குழந்தையின் முகத்தில். மாஸ்டர் ஒரு தலையணையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நின்ற இடத்தில் நின்று அதேபோல் எடுத்துப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போத்தல அவ பார்க்கவே இல்ல, தொடுறா" என்று என்னிடம் மெல்லச் சொன்னார் அபாங்.

அறைக்குத் திரும்பி வேலையைத் தொடங்கினோம். மயிலை எடுத்துவிடலாம் என்று மாஸ்டரே சொன்னார். ஓமத் தண்ணீருக்கு வட்ட லேபல், நடுவில் தூங்கும் குழந்தை. தைலத்துக்கு நீள லேபல், சுற்றிலும் தடித்த கறுப்புக் கட்டம், முட்டியைத் தேய்க்கும் ஒரு கை. 'மேலே தேய்க்க மட்டும்' என்ற வரி கட்டைவிரல் அகலத்துக்கு வந்தது. தைலப் போத்தலின் கழுத்தில் முரட்டுச் சணல் கயிறு ஒரு முடிச்சு. கண்ணை மூடினாலும் கைக்குத் தெரியும். அது அபாங்கின் யோசனை. எதையும் நிறத்தில் அச்சிடுவதற்கு முன்னால் வெறும் கறுப்பு மையில் மாதிரி ஒன்று அடித்துப் பார்த்தோம். அதற்கு 'டெலிவிஷன் ப்ரூஃப்' என்று பெயர் வைத்தோம். கறுப்பு மையில் வேறுபாடு தெரியாவிட்டால் கிழித்துப் போட்டுவிடுவோம்.

மருந்து வியாபாரி லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "மயிலுதான் என் கடை அடையாளம். ஒரு பொம்பள பார்க்காம எடுத்ததுக்கு நான் ஏன் மாத்தணும்?" என்றார். முதலாளி சண்டை போடவில்லை. "அண்ணே, கொஞ்சம் கண்ணாடியக் கழட்டுங்க" என்றார். அவர் கழற்றினார். பழைய போத்தல்கள் இரண்டையும் எடுத்து எதிரே வைத்து, "உங்க பேரனுக்கு வயித்து வலி. எதக் குடுப்பீங்க?" என்று கேட்டார். வியாபாரி ஒன்றைத் தொட்டார், கையை இழுத்தார், மற்றதைத் தொட்டார். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "கடைங்கள்ல இருக்குற பழச எல்லாம் எடுத்துடலாம்" என்று மட்டும் சொன்னார்.

புதுப் போத்தல்களை முதலில் அந்த அடுக்களைக்குத்தான் கொண்டுபோனோம். அவளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னோம். குழந்தை இடுப்பில். ஐந்து தடவை இடம் மாற்றி வைத்தோம், ஐந்து தடவையும் சரியாக எடுத்தாள். ஆறாவது தடவை மாமியாரை எடுக்கச் சொன்னாள். அந்த அம்மாள் முறைத்துக்கொண்டே வந்து கண்ணை மூடிக் கையை விட்டார். சரியாகத்தான் எடுத்தார். "கயிறு உறுத்துதுலா, தெரியாம போகுமா?" என்றவர், சற்று நின்று மருமகளைப் பார்த்து, "குடு புள்ளய, நீ போய் சாப்புடு" என்றார். அவள் குழந்தையைக் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பாமல் உள்ளே போனாள்.

பழைய போத்தல்களைத் திரட்ட வியாபாரியின் வேன் புக்கிட் பாரு பக்கம் போயிற்று. உஜோங் பாசிர் பக்கத்தை அந்தக் கண்டக்டரே ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, எதிரே இருக்கும் கடைக்காரரிடம் சத்தமாகக் கேட்டாராம்: "மயிலு போட்ட பச்சை போத்தல் இருக்கா? குடுங்க, கேள்வி கேக்காதீங்க." பஸ் நிற்கிறதே என்று பயணிகள் முனகினால் விஷயத்தைச் சொல்வார். அப்புறம் பயணிகளே இறங்கித் தேடினார்களாம்.

அவர் ஒரு சனிக்கிழமை மதியம் கடைசி மூட்டையை எங்கள் அறையில் இறக்கினார். மாஸ்டருக்கும் அபாங்குக்கும் கை கொடுத்தார். என்னிடம், "அன்னிக்கு ஒன்னைக் கதவோரமா நிக்க வச்சேன். மனசுல வச்சுக்காதே தங்கச்சி" என்றார்.

"நல்லதுதான் செஞ்சீங்க," என்றேன்.

அரை நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா சோறு போட்டார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டுக் கூடத்தில் வெறும் தரையிலேயே படுத்தேன். அன்று வெயில் சாயும்வரை தூங்கினேன், ஒரு கனவும் வரவில்லை.